ரெண்டு ஊதுனா ரைட்டு

பையை மட்டும் மிதிச்சிராதீங்கக்கா. காலை இந்தப் பக்கம் தள்ளி வச்சுக்கங்க. உள்ளே பெருசா ஒண்ணும் இல்லை, விசிலுங்க.

இல்லைங்க, விக்கிறதுக்கு இல்லை. என்னைப் பார்த்தா யாவாரி மாதிரியா இருக்கு? போன வாரம் ஒரு அம்மா இப்படித்தான், ‘ஒண்ணு எவ்வளவு, ரெண்டு எடுத்தா குறைப்பியா’ன்னு கேட்டாங்க. இது நம்ம வீட்டுதுங்க. எல்லாம் பிள்ளைக்காக வாங்குனது. இதோ மடியில இருக்காளே, இவளுக்குத்தான். சஷ்விகா. ஆன்ட்டிக்கு வணக்கம் சொல்லு கண்ணு. சொல்ல மாட்டா, காதுல பஞ்சு இருக்கு, சரியா கேக்காது. அவங்கப்பா வச்சு விட்டது. பஸ்ல காத்து அடிக்கும்னு வச்சிருப்பார். அவரும் வீட்டுல வச்சுக்குவார். காத்து ஆகாத உடம்பு.

ஏய், தொடாதே. தொடாதேன்னு சொன்னேன்ல? எச்சில் பண்ணாதே கண்ணு, உனக்காக வாங்குனதுடி அது.

நீங்க நினைக்கிற கண்டக்டர் விசில் இல்லைங்கக்கா. இருங்க, ஒண்ணை எடுத்துக் காட்டுறேன். ஒரு சாணுக்குக் கொஞ்சம் மேலே நீளம், தகரக் குழாய், மேல ஊதுறதுக்கு பிளாஸ்டிக்குல ஒரு மூக்கு, முன்னாடி ஆறு ஓட்டை. புல்லாங்குழலைச் சாய்ச்சுப் பிடிக்கணும். இதை ஸ்ட்ரா போட்டு இளநீ குடிக்கிற மாதிரி நேரா வச்சுக்கலாம். தேர்க்கடையில தொங்கும், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டாங்க. எல்லாரும் பலூன்கிட்ட நிப்பாங்க. இவளும் பலூன்கிட்டத்தான் நிப்பா. நான்தான் பிடிச்சு இழுத்துட்டு வருவேன். பலூன் வீடு போய்ச் சேர்றதுக்குள்ள வெடிச்சிரும். விசில் வெடிக்குமா? பிள்ளைக்கு வாங்குனா நின்னு உழைக்கிற பொருளா வாங்கணும்.

எங்கே போறேன்னா, என் கொழுந்தனார் வீட்டுக்குங்க. அந்தியூர் தாண்டி. எங்க அத்தை, அதாவது என் மாமியார், அங்கே போய் உக்காந்திருக்காங்க. கூப்பிட்டுட்டு வரணும். எப்படியும் இன்னைக்கே கூப்பிட்டுட்டு வந்தாகணும். ஏன்னா திங்கக்கிழமையில இருந்து நான் பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போறேன். செக்கிங்ல. காலையில ஏழு மணிக்கு வேன் வாசலுக்கே வந்துரும். சூப்பர்வைசர் அம்மா கண்டிப்பா சொல்லிட்டாங்க, ‘திங்கக்கிழமை வரலைன்னா அடுத்த ஆளைப் போட்டுருவேன் சுமித்ரா’ன்னு. ரெண்டு வருசமா கேட்டுக் கிடைச்ச வேலைங்க. பால்வாடி மத்தியானத்தோட விட்டிருவாங்க. அத்தை இல்லாம இவளை யார் பார்த்துக்குவாங்க?

சண்டையா? ஐயோ, எங்களுக்குள்ள ஒரு வார்த்தை கிடையாது. ஆடி மாசம் கொழுந்தனார் வீட்டுல ஏசி மாட்டுனாங்க. ஆடி மாசமே அத்தை அங்கே போயிட்டாங்க. நீங்களே கூட்டிக் கழிச்சுப் பார்த்துக்கங்க. அதுவும் பொம்பளைங்களுக்கு டிக்கெட் இல்லைன்னு ஆனதில இருந்து மாமியாருங்க கிளம்புறது சுலபமாயிருச்சுங்க. முன்னேன்னா டிக்கெட்டுக்காவது மகன்கிட்ட கை நீட்டணும். நீட்டுறதுக்குள்ள கோவம் ஆறிரும்.

கோவம் இல்லைன்னுதான் சொன்னேன். பேச்சுக்குச் சொல்றேன்.

இந்த விசில் எப்படி வந்துச்சுன்னா, இவளுக்குக் காது குத்துனோம். எங்கண்ணன் மடியில உக்கார வச்சு, ஆசாரி ஒரு காதைக் குத்திட்டார். இன்னொரு காதைக் காட்டவே மாட்டேங்கிறா. கோயிலே இடிஞ்சு விழுற மாதிரி அழுகை. அத்தை கண்ணைத் துடைச்சுக்கிட்டு நிக்கிறாங்க, என் வீட்டுக்காரர் கோபுரத்தைப் பார்க்கிறார். நான்தான் ஓடிப் போய் வெளியே கடையில தொங்குன விசிலை உருவிட்டு வந்து இவ காதுகிட்ட ஒரு ஊது ஊதுனேன். அக்கா, பிள்ளை கப்சிப்! வாய் திறந்தபடி இருக்குது, சத்தம் வரலை. ஆசாரி இன்னொரு காதையும் குத்திட்டார். ‘பிள்ளை பயந்து போச்சு சுமி’ன்னார் இவங்கப்பா. பயந்தா அழத்தானே செய்வாங்க? அழவே இல்லையே! பிள்ளைக்குப் பிடிச்சிருக்குன்னு எனக்கு அப்பவே தெரிஞ்சு போச்சு.

அப்புறம் பிடிச்சதை வாங்கிக் குடுக்கிறதுதானே தாய்க்கு அழகு. சென்னிமலைத் தேருக்குப் போனோம், பச்சை ஒண்ணு. பண்ணாரியில சிவப்பு. எங்க ஊர் மாரியம்மன் நோம்பிக்கு ஒரே கடையில ரெண்டு வேற வேற சத்தம், எதை விடுறது? ஒவ்வொண்ணுக்கும் ஒரு தொண்டைங்க. பச்சைக்கு மூக்கடைப்பு மாதிரி இருக்கும். சிவப்பு கீச்சுங்கும். வெள்ளை ஒண்ணு இருக்கு, மழை நாள்ல மட்டும்தான் நல்லா பேசும். பிள்ளைக்கு இதெல்லாம் ஊதிக் காட்டிச் சொல்லிக் குடுப்பேன். நான் ஊதுறப்ப இவ எந்திரிச்சு அடுத்த ரூமுக்குப் போயி அங்கிருந்து கேப்பா. தூரத்துல இருந்து கேட்டாத்தான் இனிமைன்னு இந்த வயசுலயே தெரிஞ்சிருக்கு பாருங்க.

சுத்தம் முக்கியங்கக்கா. பிள்ளை வாயில வைக்கிற பொருள். வாரம் ஒருக்கா எல்லாத்தையும் இட்லிச் சட்டியில அடுக்கி ஆவி காட்டி எடுத்திருவேன். அத்தை ஒரு நாள் மூடியைத் திறந்து பார்த்துட்டு, ‘ஏம்புள்ள, இன்னைக்கு இட்லி நீளமா இருக்குது’ன்னாங்க. தமாசாப் பேசுவாங்க. அப்புறம் வைக்க இடம் வேணுமில்ல? கூடத்துல கண்ணாடி அலமாரி இருக்குது. அதுல அத்தை மகளிர் குழுவுல ஜெயிச்ச எவர்சில்வர் டம்ளருங்க அடுக்கி இருந்துச்சு. கோலப் போட்டி, எலுமிச்சை ஸ்பூன், மியூசிக்கல் சேர். மியூசிக்கல் சேர்ல மட்டும் வருசா வருசம் அவங்கதான். அம்பத்தஞ்சு வயசாகுது, பொண்ணுங்களை இடுப்பால இடிச்சுத் தள்ளிட்டு உக்காந்துருவாங்க. அந்த டம்ளரை எல்லாம் எடுத்துப் பரண்ல பத்திரமா வச்சுட்டு விசிலுங்களை அங்கே அடுக்குனேன். அத்தை ஒண்ணுமே சொல்லலை. ரெண்டு நாளா ஒண்ணுமே சொல்லலை. பிடிச்சுப் போச்சுன்னுதானே அர்த்தம்?

ஒரே ஒரு சங்கடம், குக்கர். அத்தைக்கு மூணு விசில் எண்ணி அடுப்பை அணைக்கிற பழக்கம். கூடத்துல உக்காந்து பூக் கட்டிக்கிட்டே எண்ணுவாங்க. ‘ஒண்ணு... ரெண்டு... மூணு, அணைச்சுரு’ன்னு எந்திரிச்சு வருவாங்க. அந்த வருசம் முழுக்க எங்க வீட்டுல பருப்பு வேகவே இல்லைங்க. கடிச்சா நறுக்குங்குது. ‘மூணு விசில் வந்துச்சே, நான் எண்ணுனேனே’ன்னு அத்தை, ‘நானும் கேட்டேனே’ன்னு இவர். நான் உள் ரூம்ல பிள்ளைக்கு ஊதிக்கிட்டு இருப்பேன், அங்கே இருந்தே சொல்வேன், ‘கேஸ்கட் போயிருக்கும் அத்தை, புதுசு மாத்துங்க’ன்னு. மாத்துனாங்க. அப்பவும் வேகலை. அப்புறம் குக்கரையே மாத்துனோம். இப்ப அத்தை போனதுக்கப்புறம் பருப்பு குழைஞ்சு வருது. பாவம், வயசாகுதில்ல, எண்ணிக்கையில தப்பு விட்டிருக்காங்க. நான் சொல்லிக் காட்டலைங்க.

தைலம் வேணுங்களாக்கா? நெத்தியைப் பிடிச்சுக்கறீங்க. சன்னலை வேணா ஏத்தி விடவா? சரி, சரி.

அதோ, முன்னாடி சீட்டுக்கிட்ட நிக்கிறாரே கண்டக்டர், அவரை எனக்குத் தெரியும். நான் ஏறுறப்ப ஒரு பார்வை பார்த்தாரு, கவனிச்சீங்களா? கூச்ச சுபாவம். அன்னைக்கும் இதே பஸ்தான், இவரேதான். ஆடி மாசம் அந்தியூர் குதிரைச் சந்தைக்குப் போயிட்டு நாங்க மூணு பேரும் திரும்பி வர்றோம். நான், அத்தை, இவ. சந்தையில கடிவாளம், சலங்கை, மணியெல்லாம் விக்கிற கடையில ஒண்ணு கிடந்துச்சுங்கக்கா. பித்தளை! முழுப் பித்தளை. மூக்கும் பித்தளை. கடைக்காரருக்கே அது என்னன்னு தெரியலை. புளி போட்டுத் தேய்ச்சா தங்கம் மாதிரி இருக்கும். அத்தை, ‘பிள்ளைக்கு ஒரு கவுன் எடுக்கலாம்னு வந்தோம்’னாங்க. கவுன் அடுத்த வருசம் சின்னதாயிரும், பித்தளை சின்னதாகுமா?

திரும்பி வர்றப்ப பாலத்து ஸ்டாப்புல பஸ் நின்னுச்சு. அத்தை, ‘வெள்ளரிக்காய் வாங்கிட்டு வந்துர்றேன், பஸ்ஸைப் பிடிச்சு வை’ன்னு இறங்குனாங்க. யாரோ மூட்டை ஏத்தணும்னு கண்டக்டரும் பின்னாடி இறங்குனாரு. நான் பித்தளையை அப்பத்தான் பையில இருந்து எடுத்தேன். ஊதக்கூட இல்லை. சும்மா தொண்டை எப்படி இருக்குன்னு பார்க்க, பிப், பிப், ரெண்டே ரெண்டு தடவை. பஸ் கிளம்பிருச்சு.

அக்கா, நீங்களே சொல்லுங்க. ஒரு விசில் அடிச்சா நிக்கணும், ரெண்டு அடிச்சா போகணும்கிறது டிரைவருக்கும் கண்டக்டருக்கும் உள்ள ஏற்பாடு. அதை நான் எப்படி நினைப்புல வச்சிருக்க முடியும்? டிரைவர் கண்ணாடியைப் பார்க்க வேண்டாமா? பின்னாடி அத்தை வெள்ளரிக்காயோட ஓடி வர்றாங்க, கண்டக்டர் தலையில மூட்டையோட ஓடி வர்றாரு. மூட்டையைக் கீழ போட்டுட்டு அவர் விசிலை எடுக்கிறதுக்குள்ள பஸ் வளைவு தாண்டிருச்சு. நான் பொறுப்பு இல்லாதவளா? நிறுத்தச் சொல்லி நானே ஊதுனேங்க. பதட்டத்துல ரெண்டு தடவை ஊதிட்டேன். டிரைவர் இன்னும் வேகமாப் போறாரு. ஒருத்தர் எந்திரிச்சு, ‘யோவ், கண்டக்டரே இல்லையா’ன்னு கத்துன பின்னாடிதான் நின்னுச்சு.

அவங்க ரெண்டு பேரும் வைக்கோல் ஏத்துன டிராக்டர்ல வந்து சேர்ந்தாங்க. அத்தை தலையெல்லாம் வைக்கோல். ஒரு கால்ல செருப்பு இல்லை. ஆனா வெள்ளரிக்காயை விடலை. நான் பேச்சை மாத்தணுமேன்னு, ‘நல்ல பிஞ்சாக் கிடைச்சுதுங்களா அத்தை?’ன்னேன். ‘குடு’ன்னாங்க. என்னத்தைன்னு புரியலை. பட்டுனு பித்தளையைப் பிடுங்கி இடுப்புல சொருகிக்கிட்டாங்க. கண்டக்டர் என்னைப் பார்த்து, ‘ஏம்மா, நீ ஊதுனியா, நான் ஊதுனனா?’ன்னு கேக்கறாரு. என்ன கேள்விங்க அது? அவர் கீழல்ல நின்னுட்டு இருந்தாரு.

மறுநாள் காலையில அத்தை பையை எடுத்துக்கிட்டுக் கிளம்பிட்டாங்க. எடுத்துட்டுப் போனது ரெண்டு சேலை, சுருக்குப்பை, என் பித்தளை. ‘சின்னவன் வீட்டுல கொஞ்ச நாள் அமைதியா இருந்துட்டு வர்றேன்’னாங்க. ஏசிக்குத்தான் அமைதின்னு நாசூக்காச் சொல்றாங்க. ஏசி சத்தமே போடாதாமே?

அப்புறம் நான் தினமும் போன் பண்ணுனேன். அத்தை எடுக்க மாட்டாங்க. கொழுந்தனார் சம்சாரம், என் ஓரகத்தி பிரபாதான் எடுப்பா. எப்பக் கேட்டாலும், ‘அத்தை மொட்டை மாடியில இருக்காங்க.’ ஏசியைக் கீழ மாட்டிட்டு மாடியில என்ன வேலை? அவ குரலும் ஒரு மாதிரி, தூக்கமே இல்லாதவ மாதிரி இருக்கு. ‘அக்கா, சீக்கிரம் வந்து கூப்பிட்டுப் போங்க’ன்னு அழாத குறை. பின்னாடி வேற ஒரே கீச்சு கீச்சுன்னு சத்தம். ‘கிளி வளர்க்கறீங்களா’ன்னேன். பட்டுனு வச்சுட்டா. போன வாரம் பேசுறப்ப கீச்சு இல்லை, நல்லா நீளமா ஒரு விசில். சாயங்காலம் நாலு மணிக்கு எவளாவது குக்கர் வைப்பாளா? கடலை வேக வைக்கிறாங்க போல. அத்தைக்குச் சாயங்காலம் சுண்டல்! அப்படி ஐஸ் வைக்கிறா. இந்தச் சுண்டலுக்கும் ஏசிக்கும் மயங்கி, பெத்த மகனையும் பேத்தியையும் மறந்துட்டு ஒரு பொம்பளை இருப்பாங்களா சொல்லுங்க.

காலையில கிளம்புறப்ப என் வீட்டுக்காரர் ஒரு கேள்வி கேட்டாரு. ‘நீ அம்மாவைக் கூப்பிடப் போறியா, பித்தளையைக் கூப்பிடப் போறியா?’ மஞ்சள் மண்டியில எடை போடுறவர்ங்க, எதையும் தட்டுல வச்சுத்தான் பார்ப்பார். எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. அத்தைதான் முக்கியம். அத்தை வந்தா அதுவும் கூடவே வரத்தானே போகுது, அதை எதுக்குத் தனியாக் கேக்கணும்? ‘அங்கே போய் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேளு’ன்னும் சொன்னாரு. கேக்கலாம். எதுக்குன்னு தெரிஞ்சா கேக்கலாம். அதுக்குப் பதிலா அத்தைக்குப் பிடிச்ச தாலாட்டு ஒண்ணைப் பச்சையிலயும் வெள்ளையிலயும் பழகி வச்சிருக்கேன். வாசல்ல நின்னு ஊதுனா மனசு உருகி வந்துருவாங்க. எது அன்னைக்கு நல்லாப் பேசும்னு தெரியாதே, அதான் எல்லாத்தையும் எடுத்துட்டு வந்திருக்கேன்.

பஸ்ல ஊத மாட்டேன்னு இவ தலையில கை வச்சுச் சத்தியம் பண்ணச் சொன்னாரு. பண்ணிட்டேன். இப்பக்கூட பாருங்க, விரலைத்தான் வச்சுப் பார்க்கிறேன்.

என்னங்கக்கா எந்திரிக்கறீங்க, உங்க ஸ்டாப்பு அந்தியூர்ன்னீங்க? உக்காருங்க. இது செங்காட்டுப்பாளையம். சனிக்கிழமை சந்தை, அதான் இந்தக் கூட்டம்.

அட! அக்கா, அக்கா, அதோ பாருங்க. அந்தத் தக்காளிக் கடைக்குப் பக்கத்துல, அரக்குச் சேலை. அத்தை! எங்க அத்தைங்க! சந்தைக்கு வந்திருக்காங்க. பாருங்க எப்படி இளைச்சுட்டாங்க. பையோட பஸ்ஸுக்குத்தான் வர்றாங்க. மெதுவா வர்றாங்களே. அத்தை! அத்தே! கேக்க மாட்டேங்குது, இந்தக் கூட்டத்துல எங்கே கேக்கும்? அங்கே ஒரு ஆளோட பேச்சு வேற. பஸ் போயிருமே. சஷ்வி, அப்பத்தாவைக் கூப்பிடு கண்ணு, கத்து. பஞ்சை எடு. ஐயோ, திரும்பிக்கூடப் பார்க்கலையே. இருங்க...

பிப், பிப்.

ஐயோ. ஐயோ, டிரைவரண்ணா! நிறுத்துங்க! ஆள் வர்றாங்க! இல்லைங்க கண்டக்டர், நான் எங்கே ரைட் குடுத்தேன், நான் எங்க அத்தையைக் கூப்பிட்டேன்! அக்கா, நீங்க சொல்லுங்க, நீங்க பார்த்துட்டுத்தானே இருந்தீங்க. அத்தை ஓடி வர்றாங்க, பையோட ஓடி வர்றாங்க, செருப்பைக் கையில எடுத்துட்டாங்க. திங்கக்கிழமை வேன் வந்துருமே. அத்தே, நான் இல்லைங்க அத்தே!

...

கேட்டீங்களா?

கேட்டீங்களாக்கா அந்தச் சத்தத்தை? கண்டக்டர் பாக்கெட்டுல கை விடுறதுக்குள்ள, ஒண்ணே ஒண்ணு, நீளமா! பஸ் எப்படி நின்னுச்சு பாருங்க, எல்லாரும் முன் சீட்டுல முட்டிக்கிட்டாங்க. உங்களுக்கு அடி படலையே? அது மேல் சுரம்ங்க. எனக்கே அது பாதியில கீச்சுன்னு உடையும். உடையவே இல்லை. நூல் பிடிச்ச மாதிரி நின்னுச்சு. அது ஒரு நாள்ல வராதுங்க. தினமும் உக்காந்து ஊதணும். காத்தோட்டமான இடமா, ஒரு மாடி கீடி...

வாங்க அத்தை. பார்த்து, படியில பார்த்து. பையைக் குடுங்க. நல்லா இருக்கீங்களா? மூச்சு வாங்குது, மொதல்ல உக்காருங்க. இந்த அக்கா கொஞ்சம் தள்ளி உக்காருவாங்க. இவங்க எனக்கு நல்லாப் பழக்கம். சஷ்வி, அப்பத்தாகிட்டப் போ. பார்த்தீங்களா, தாவிட்டா. அத்தை, உங்களைக் கூப்பிட்டுட்டுப் போகத்தான் வந்தேன். திங்கக்கிழமை வேலை... ஆங்? தெரியுமா? அவரு போன் பண்ணிட்டாரா? வர்றீங்களா! இன்னைக்கேவா? சாமி, என் வயித்துல பால் வார்த்தீங்க. அடுத்த ஸ்டாப்புல இறங்கி எதிர் பஸ் பிடிச்சிரலாம்.

என்ன அத்தை?

பித்தளை உங்களுக்கா?

இல்லைங்க அத்தை, அது வந்து... வச்சுக்கங்க. நான் வேண்டாம்னா சொன்னேன்? வச்சுக்கங்க. காலையிலயும் சாயங்காலமும் ஊதணுமா? ஊதுங்க. கண்ணாடி அலமாரியிலயா? அங்கே இடம்... சரிங்க. டம்ளரையும் பரண்ல இருந்து எடுத்துருவோம். எல்லாத்துக்கும் சரிங்க.

பார்த்தீங்களாக்கா? கிட்ட வாங்க, மெதுவாச் சொல்றேன். பாருங்க, இடுப்புல சொருகி இருக்கிறதை. சந்தைக்குத் தக்காளி வாங்க வர்றவங்க இதை எடுத்துட்டா வருவாங்க? மொட்டை மாடியில நின்னு ஊதி ஊதி, பாவம் அந்தப் பிரபா. எனக்கு இவங்களை நினைச்சாத்தான் கவலையா இருக்கு. இந்த வயசுல இப்படி ஒரு பைத்தியம் பிடிச்சா வீடு வீடாவா இருக்கும்? சொல்லவும் முடியாது, மாமியார்.

பிள்ளைக்குன்னு ஆசையா வாங்குன பொருளைப் பெரியவங்க எடுத்து வச்சுக்கிட்டு ஊதுனா, அப்புறம் பிள்ளை எதை வச்சு விளையாடும், சொல்லுங்க?

ஏய் சஷ்வி! கையை எடு. பையைத் தொடாதே.